லிஸ்ட் அனுப்ப மாட்டேன், பொருத்தம் பாருங்க!

2025 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் இருக்கும் நண்பன் போன் பண்ணினான். கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவன்.

"மாப்ள, உன் பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணியாமே. இங்க என் பொண்ணு உயிரை எடுக்கிறா. உன் லிஸ்டை அப்படியே வாட்ஸப்ல தட்டி விடு. நானும் அதையே வாங்கிப் போட்டுடறேன்."

"லிஸ்ட் அனுப்ப மாட்டேன்டா" என்றேன்.

அவ்வளவுதான். "சரி, பெரிய ஆள் ஆயிட்டே" என்று சொல்லி போனை வைத்துவிட்டான். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கமணி நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு லிஸ்ட் அனுப்பறதுல உங்க கிரீடம் இறங்கிடுமா?"

இறங்காதுதான். ஆனால் அந்த லிஸ்ட் அவனுக்கு உதவாது. உதவாது என்பதோடு நிற்காமல், ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்க வைத்துவிட்டு உதவாமல் போகும். ஏன் என்று போனில் சொல்ல அவன் இடம் கொடுக்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். ஊரை விட்டு வந்து வடக்கிலும் மேற்கிலும் குடித்தனம் செய்கிற நம்ம வீடுகளில், மீசை முளைக்கும் வயசில் ஒரு பிள்ளை இருந்தால், இந்தப் பேச்சு இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வரும்.

முதலில் நான் சூடு பட்ட கதை.

2020 ஊரடங்கின்போது பையனுக்கு ஆன்லைன் வகுப்பு. மயூர் விகாரில் எங்கள் இரண்டு அறை வீட்டில் ஒரே ஒரு ஆபீஸ் லேப்டாப். கடைகள் திறந்ததும் ஓடிப்போய் "கேமிங் பீசி" என்று அட்டை ஒட்டிய ஒன்றை வாங்கி வந்தேன். கடைப் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, உள்ளே மாரியம்மன் கோயில் திருவிழா மாதிரி கலர் லைட். "ஐ7 சார்" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்கத் தெரியவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு பேருக்கு ஒன்று. ராம் ஒற்றைக் குச்சி. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் ஒட்டியிருந்த பெயரை அதற்கு முன்னும் பின்னும் நான் எங்கேயும் பார்த்ததில்லை. பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம் என்றார். கச்சா பில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தேன்.

2023 ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. "டப்" என்று ஒரு சத்தம், கருகின வாசனை. எஸ்.எம்.பி.எஸ். போனது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கச்சா பில்லுக்கு வாரண்டி ஏது? கடைக்காரர் மேல் பாதித் தப்பு என்றால் மீதி என் பேராசை மேல்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. 2025ல் பத்தாம் வகுப்பு முடித்ததும் பையன் மெதுவாக வந்து நின்றான். "இந்தத் தடவை நானே செலக்ட் பண்றேன்பா." சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. எந்த பாகத்தை எழுதினாலும், அது பக்கத்தில் இருக்கிற பாகத்தோடு ஏன் சேரும் என்று எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்ல வேண்டும். மூன்று வாரம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதே வேலை. கேட்டதற்கெல்லாம் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் சொல்கிற பையன் மூன்று வாரம் என்னோடு பேசினான். இதற்காகவே இன்னும் பத்தாயிரம் சேர்த்துச் செலவழிக்கலாம். :)

பட்ஜெட் ஒன்றரை லட்சம் என்று கோவில்பட்டியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏலே, உன் அக்கா கல்யாணத்துக்குப் பந்தலு, சாப்பாடு, மேளம் எல்லாம் சேத்து நான் அவ்வளவுதாம்லே செலவழிச்சேன். சரி, பொருத்தமாவது பாத்தியா?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் இந்த விஷயத்தில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான். பத்துப் பொருத்தம் தேவையில்லை, ஏழு போதும்.

1. திரைப் பொருத்தம்

நம்மவர்கள் பிராஸஸரில் ஆரம்பிப்பார்கள். தப்பு. திரையில் ஆரம்பிக்க வேண்டும். எந்தத் திரையில், எத்தனை புள்ளிகளில் விளையாடப் போகிறோம் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

கணக்கு இதுதான். ஃபுல் ஹெச்.டி. என்கிற 1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560 × 1440ல் 36.9 லட்சம். 4கே என்கிற 3840 × 2160ல் 82.9 லட்சம். பெயரைக் கேட்டால் படிப்படியாக ஏறுகிற மாதிரி இருக்கும். உண்மையில் 4கே என்பது ஃபுல் ஹெச்.டி.யைப் போல நான்கு மடங்கு, 1440ஐப் போல இரண்டேகால் மடங்கு வேலை. ஒவ்வொரு புள்ளியையும் வினாடிக்கு அறுபது தடவையாவது கார்டு வரைய வேண்டும். 4கேயில் வினாடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 50 கோடி புள்ளிகள். 1440ல் வினாடிக்கு 120 படம் வரைந்தால்கூட 44 கோடிதான்.

மேஜையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற 27 அங்குலத் திரைக்கு 1440 போதும் என்பது என் கட்சி. அங்குலத்துக்கு சுமார் 109 புள்ளி வருகிறது. என் கண்ணுக்கும், கண்ணாடி போட்ட என் பையன் கண்ணுக்கும் அது தாராளம். 4கே திரைக்கும் அதை ஓட்டுகிற கார்டுக்கும் சேர்த்து ஆகிற கூடுதல் செலவில் கல்லூரியின் முதல் செமஸ்டர் புத்தகம், பை, செருப்பு எல்லாம் வாங்கிவிடலாம்.

புனே நண்பன் விஷயம் வேறு. அவன் ஹாலில் 55 அங்குல 4கே டிவி இருக்கிறது. அதில்தான் மாட்டப் போகிறான். அப்படியென்றால் அவனுக்கு முதல் கேள்வி, டிவியில் என்ன ஹெச்.டி.எம்.ஐ. இருக்கிறது என்பது. 2.0 என்றால் 4கேயில் வினாடிக்கு 60 படத்தோடு சரி. 120 வேண்டுமென்றால் 2.1 வேண்டும், அதைத் தாங்கும் கேபிளும் வேண்டும். மானிட்டரில் இருக்கிற டிஸ்ப்ளே போர்ட் பெரும்பாலான டிவிகளில் இருக்காது. டிவியில் கேம் மோடு போடாவிட்டால் பட்டனை அமுக்கினதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி விழும். என் லிஸ்டை வாங்கியிருந்தால் 1440க்காக எடுத்த கார்டை வைத்து 4கேயோடு மல்லுக்கட்டியிருப்பான். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் மாதிரி, குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தைகள் கை கொடுக்கும்தான். 4கேயில் 'குவாலிட்டி' என்று வைத்தால் உள்ளுக்குள் வரைவது 1440தான். ஆனால் அதைத் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்கிவிட்டு ஏமாந்தோமே என்று நினைப்பது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹால் டிவியில் விளையாட மட்டும்தான் என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம், கன்சோல் வாங்குங்கள். பொருத்தம் பார்க்கிற வேலையே இல்லை. பாட்டு எடிட்டிங், வீடியோ, ப்ரோகிராமிங், படிப்பு என்று மற்ற வேலையும் உண்டு என்றால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம்.

2. கார்டும் பிராஸஸரும்

புள்ளிகள் கூடக்கூட சுமை கிராஃபிக்ஸ் கார்டு மேல் விழுகிறது. குறைந்த புள்ளியில் படங்களை வேகமாகத் தள்ளும்போதுதான் பிராஸஸர் திணறும். ஆகவே 1440, 4கே என்று போகிறவர்கள் ஐ9, ரைசன் 9 என்று காசைக் கொட்டுவது, கச்சேரியில் மிருதங்கக்காரருக்கு மட்டும் ஏழு மைக் வைக்கிற மாதிரி. நடுத்தர பிராஸஸர், அதற்கு மேல் நல்ல கார்டு. எங்கள் செலவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கார்டுக்குத்தான் போனது.

கார்டில் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக வந்தது. புள்ளி கூடினால் கார்டின் சொந்த மெமரியும் கூட வேண்டும். 8 ஜிபியை வைத்துக்கொண்டு 4கே கனவு காணக்கூடாது. லேப்டாப்பிலும் இதே கூத்து. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 5070க்கு 12 ஜிபி, லேப்டாப்பில் அதே பெயரில் வருவதற்கு 8 ஜிபி. பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணம் பண்ணக்கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நாங்கள் எடுத்தது ஆர்எக்ஸ் 9070. 16 ஜிபி, 220 வாட்.

3. சாக்கெட்டும் பயாஸும்

மதர்போர்டில் பிராஸஸர் உட்காரும் இடம் சாக்கெட். ஏஎம்டியில் 2022 முதல் ஏஎம்5. இன்டெலில் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700. 2024ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் உட்காராது. இது எல்லோருக்கும் தெரிந்த பொருத்தம், கடையிலும் இதில் தப்பு வருவது அபூர்வம்.

தப்பு வருவது பயாஸில். சாக்கெட் ஒன்றாகவே இருக்கும். பிராஸஸர் போர்டை விடப் புதியதாக இருந்தால் போர்டுக்கு அதை அடையாளம் தெரியாது. திரை கறுப்பாகவே நிற்கும். நீங்கள் ராமைக் கழற்றி, கார்டைக் கழற்றி, கடைசியில் கோயிலுக்கு நேர்ந்துகொள்வீர்கள்.

நாங்கள் ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை நேரு பிளேஸ் போனோம் (ஞாயிறு விடுமுறை, அலைந்து ஏமாறாதீர்கள்). பிங்க் லைனில் ஏறி லாஜ்பத் நகரில் வயலட் லைனுக்கு மாறினோம். லிஸ்டில் இருந்தது ரைசன் 5 7600. கடைக்காரர், "அது ஸ்டாக் இல்ல சார், கொஞ்சம் மேல போட்டா 9600எக்ஸ் தர்றேன், இன்னும் புதுசு" என்றார் ஹிந்தியில். நான் தலையாட்டத் தயாராக இருந்தேன். பழக்க தோஷம். பையன் என் கையைப் பிடித்தான்.

"அப்பா, 7600 டப்பாவுல கூலர் வரும். 9600எக்ஸ்ல வராது. தனியா வாங்கணும். அப்புறம் 9000 சீரீஸ் 2024ல தான் வந்துச்சு. இந்த பி650 போர்டு பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸ் அப்டேட் வேணும்."

கடைக்காரர் சிரித்தார். "எல்லாம் ஓடும் பேட்டா." பையன் போர்டு டப்பாவைத் திருப்பி, பின்பக்கப் படத்தில் ஒரு சின்ன பட்டனைக் காட்டினான். பிராஸஸரே இல்லாமல்கூட பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன். "இது இருக்குப்பா, வாங்கலாம்." எல்லா பி650 போர்டிலும் இது இருக்காது. அவன் மூன்று வாரம் முன்பே இதற்காகத்தான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

4. ராம்

ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர் 5 மட்டும். வீட்டில் கிடக்கிற பழைய டிடிஆர் 4ஐப் போடலாமா என்று கேட்காதீர்கள், வெட்டு இருக்கிற இடமே வேறு, உட்காராது. எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர் 4க்கு ஒரு மாடல், டிடிஆர் 5க்கு ஒரு மாடல் என்று தனித்தனி. பெயரில் கடைசி எழுத்து வரை படித்து வாங்க வேண்டும்.

32 ஜிபி வேண்டுமென்றால் 16 + 16 என்று ஒரே டப்பாவில் வருகிற ஜோடி. ஒற்றை 32 வேண்டாம். நாலு 8ம் வேண்டாம், டிடிஆர் 5ல் நாலு குச்சி போட்டால் வேகம் இறங்கும். நாலு ஸ்லாட் போர்டில் பிராஸஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். டப்பாவில் 6000 என்று போட்டிருந்தாலும் பயாஸில் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யாவிட்டால் அந்த வேகம் வராது. காசு கொடுத்த வேகத்தை வாங்காமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

விலை இன்னொரு கதை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஆகஸ்டில் நான் கொடுத்த விலையைப் போல டிசம்பரில் இரண்டு மடங்குக்கு மேல். நண்பன் என் லிஸ்டோடு கடைக்குப் போயிருந்தால் முதலில் என்னைத்தான் திட்டியிருப்பான்.

5. பவர்

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் எனக்கு அனுபவம் அதிகம். கருகின அனுபவம். கார்டு 220 வாட், பிராஸஸர் 88 வரை, மற்றவை ஒரு 60. கூட்டினால் கிட்டத்தட்ட 370. கார்டு கண் இமைக்கும் நேரத்துக்கு அதைவிட மேலே தாவும் என்பதால் 750 வாட் எடுத்தோம். பெட்டியில் 'கோல்டு' என்று போட்டிருப்பது, கரண்டை எவ்வளவு விரயம் இல்லாமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு வாரண்டி ஆண்டுகளைப் பாருங்கள்.

கழற்றி மாட்டுகிற கேபிள் உள்ள மாடல் என்றால், ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி பெட்டியில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறும், டிஸ்க் காலி. பெரிய என்விடியா கார்டுகளில் வருகிற 16 முள் இணைப்பையும் கடைசி வரை அழுத்தி மாட்ட வேண்டும். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் அந்த இணைப்பு உருகிய படங்கள் உலகமெங்கும் சுற்றின. அடுத்த வருஷமே அதன் வடிவத்தைத் திருத்தினார்கள்.

6. இடம்

கேபினட் வாங்கும்போது மூன்று அளவு பாருங்கள். போர்டு சைஸ், கார்டின் நீளம், கூலரின் உயரம். நீளமும் உயரமும் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 300 மில்லிமீட்டரைத் தாண்டும் கார்டுகள் சாதாரணம். முன்பக்கம் கண்ணாடி வைத்து அடைத்த கேபினட் பார்க்க அழகு, டெல்லி மே மாதத்தில் அது இட்லிக் குக்கர். வலை வைத்ததாக, தூசி வடிகட்டி கழற்றிக் கழுவுகிற மாதிரி எடுங்கள்.

7. வீடு

இந்தப் பொருத்தத்தை எந்த லிஸ்டும் சொல்லாது. உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா? வாடகை வீடு என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மோடம், லேப்டாப்புக்கு வாங்கிய 600 வி.ஏ. யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். விளையாட்டின் நடுவே கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். நாங்கள் 1100 வி.ஏ., 660 வாட் வாங்கினோம். "இது எதுக்கு தண்டச் செலவு" என்று தங்கமணி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் அன்றைக்கு ராத்திரியே கிடைத்தது, வருகிறேன்.

நம்மைப் போல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றலாகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கேபினட், மானிட்டர் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பேக்கர்ஸ் ஆட்கள் வருவதற்கு முந்தின நாளே கார்டையும், பெரிய கூலர் என்றால் அதையும் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். மாட்டியபடியே லாரியில் போனால் கார்டின் பாரமே ஸ்லாட்டை உடைத்துவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் மச்சினனிடம் கார்டு வாங்கி வரச் சொல்லும் ஆசையும் வேண்டாம். பல கம்பெனிகளில் வாரண்டி வாங்கிய நாட்டோடு சரி. பக்கா பில்லோடு இங்கேயே வாங்குங்கள். டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, ஊருக்குப் போனால் ரிச்சி ஸ்ட்ரீட். விலை விசாரிக்கவாவது ஒரு நடை போய் வாருங்கள்.

அன்றைக்கு ராத்திரி

சனிக்கிழமை சாயங்காலம் ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. பையன் மாட்டினான், நான் டார்ச் பிடித்தேன். ஒன்பதரை மணிக்கு பவர் பட்டனை அமுக்கினான். விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

என் வயிற்றில் புளி கரைத்தது. 2023 ஜூன் வாசனை மூக்கில் வந்தது. பையன் அசையவில்லை. "டிடிஆர் 5ல முதல் தடவை ராமைப் பழக்கிக்க சில நிமிஷம் எடுக்கும்பா. பத்து நிமிஷம் பாப்போம்." கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று. போர்டில் சிபியூ என்று எழுதிய இடத்தில் ஒரு சின்ன சிவப்பு லைட் நின்றுகொண்டே இருந்தது.

"பயாஸ்தான்."

பென் டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்து, கம்பெனி தளத்திலிருந்து கோப்பை இறக்கி, கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, பின்னாடி அதற்கென்று இருக்கும் யூ.எஸ்.பி. ஓட்டையில் சொருகி, அந்த பட்டனை மூன்று வினாடி அமுக்கினான். லைட் மினுக்க ஆரம்பித்தது. "இது நிக்கிற வரைக்கும் கரண்ட் போகக் கூடாதுப்பா. போனா போர்டு கெட்டாலும் கெட்டுடும்."

சொல்லி இரண்டு நிமிஷம் இருக்கும். கரண்ட் போயிற்று.

வீடு முழுக்க இருட்டு. யூ.பி.எஸ். மட்டும் "பீப்... பீப்..." என்றது. இருட்டில் அந்தச் சின்ன லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. தங்கமணி சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். நாலு நிமிஷம் இருக்கும், லைட் நின்றது. பையன் பட்டனை அமுக்கினான். கொஞ்ச நேரம் கறுப்பு. அப்புறம் கம்பெனி பெயர் திரையில் வந்தது.

"யூ.பி.எஸ். நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு தங்கமணி உள்ளே போனாள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தோசை சாப்பிட்டோம். பையன் மூன்று வாரம் முன்பு எனக்கு விளக்காமல் கடைக்காரர் சொன்னதை வாங்கியிருந்தால், அந்தக் கறுப்புத் திரை முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டிருப்போம். கடைக்கு ஓடி, "ஓப்பன் பண்ணின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று கேட்டுவிட்டு வந்திருப்போம். பொருத்தம் பார்த்ததால் பிரச்சினையே வராமல் போகவில்லை. வந்தபோது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. லிஸ்டை மட்டும் கைமாற்றினால் இந்தப் பகுதி கைமாறாது. அதனால்தான் அனுப்ப மாட்டேன் என்றேன்.

நண்பன் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவன் பெண் என் பையனுக்கே நேரடியாக போன் பண்ணினாள். ஹிந்தியும் இங்கிலீஷும் நடுவில் கொஞ்சம் தமிழுமாக ஒரு மணி நேரம் ஓடியது. டிவியின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். ஹெச்.டி.எம்.ஐ. 2.0தான். அதனால் 120 படக் கனவை விட்டுவிட்டு 60க்கு ஏற்ற கார்டாகப் பார்த்தாள். மிச்சமான காசு ராமின் ஏறின விலைக்குப் போயிற்று. அவளே போட்டு அனுப்பிய லிஸ்டில் என் பையன் கண்டுபிடித்தது ஒரே தப்பு: கூலரின் உயரம் கேபினட்டை விட 6 மில்லிமீட்டர் அதிகம். நண்பன் அன்றைக்கு ராத்திரி, "மாப்ள, பொண்ணு என்னை வச்சு கிளாஸ் எடுக்கிறா" என்று மெசேஜ் போட்டான். கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்பா வாராவாரம் போனில் விசாரிக்கிறார். "ஏலே, அந்தப் பொட்டி ஓடுதா?" ஓடுது என்கிறேன். "பேரன் படிக்கானா?" அதற்கு மட்டும் இன்னும் பதில் தயாராகவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் யூ.பி.எஸ்.ஸை அணைத்துவிடுவது என்று வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. போட்டது தங்கமணி.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குக் கார்டு தரவில்லை. தந்தால் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நல்லவனும் இல்லை. கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டுத் திரையின் பின்பக்கத்தையும் சுவர் பிளக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். லிஸ்ட் மட்டும் கேட்காதீர்கள், ப்ளீஸ்.